நாள் சம்பள சிஸ்டர்

நர்சிங் படிப்பை முடித்து அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, டாக்ஸி ஓட்டும் அவள் அப்பா, வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு நர்ஸ் ஆயிட்டா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ரயிலைப் பிடிக்க ஓடிவந்து ஏறிய ஒருவர், "ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் ரோட்டையும் பாருங்க" என்றாராம். அதையும் வீட்டில் வந்து பெருமையாகத்தான் சொன்னார்.

அம்மா அப்படியெல்லாம் உருகிவிடுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். மாதம் பிறந்தால் மணியடித்ததுபோல் சம்பளம் வாங்கிப் பழகியவள். அவளுடைய முதல் கேள்வி, "சம்பளம் எந்தத் தேதி போடுவாங்க?"

"தேதியெல்லாம் கிடையாதும்மா. போற நாளுக்கு உண்டு. போகாத நாளுக்கு இல்ல."

"போகாத நாளா? நீ ஏன் போகாம இருக்கப் போற?"

"கூப்பிட்டாத்தான் போக முடியும்."

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "ஏண்டி, இத்தனை வருஷம் படிச்சது நர்ஸ் வேலைக்கா, கட்டட வேலைக்கா?" என்றாள்.

"இப்ப என்ன?" என்று அப்பா நடுவில் புகுந்தார். "நான் மட்டும் மாசச் சம்பளமா வாங்குறேன்? சவாரி கிடைச்சா காசு. இல்லேன்னா ஸ்டாண்டுல ஈ ஓட்டுறேன். குடும்பம் நடக்கலையா?"

"அதனாலதான் கேக்குறேன். வீட்டுல ஈ ஓட்ட ஒருத்தர் பத்தாதா?"

அப்பா டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அம்மா கேட்டதிலும் தப்பில்லை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் படித்து முடித்து வருகிறவர்களை நேராக நிரந்தர வேலையில் சேர்ப்பதில்லை. இடம் காலியாகும்வரை நாள் சம்பளம்தான். ஒரு நாளைக்கு என்று பார்த்தால் நிரந்தர நர்ஸ் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். அதைச் சொல்லித்தான் சேர்த்துக்கொள்வார்கள். லீவு கிடையாது, காய்ச்சல் வந்து படுத்தால் காசு கிடையாது, வார்டில் கட்டில்கள் காலியாக இருந்தால் மத்தியானமே "நீங்க கிளம்பலாம்" என்று பாதிச் சம்பளத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரியவரும்.

இதில் அவளுக்குச் சாமி கும்பிடுவதே சிக்கலாகிவிட்டது. யாருக்கும் எந்தக் கஷ்டமும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். உடனே, வார்டு மட்டும் நிறைந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிக் கேட்பது? அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் பாப்பா. மழை பெஞ்சா எனக்குச் சவாரி. அதுல நாலு பேரு வழுக்கி விழுந்தா உனக்கு டூட்டி."

விடிந்தும் விடியாமலும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். டூட்டி கிளார்க் என்று ஒருவர். இருக்கிற நாள் சம்பள நர்ஸுகளை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். மூன்று தடவை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். வேறு யாராவது எடுத்தால் பேசவே மாட்டார். ஆள் நேரில் எடுத்து "வர்றேன்" என்று சொன்னால்தான் கணக்கு. ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து போன் வந்தது. அம்மா எடுத்து, "குளிக்கிறா, இருங்க கூப்பிடுறேன்" என்றாள். இருப்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. அன்றைய சம்பளம் சோப்பு நுரையோடு போனது.

மறுநாள் மகள் குளியலறைக்குள் நுழைந்ததும் போனைத் தானே கையில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கி, "வர்றேன் சார்" என்றாள். கிளார்க் எதையும் கவனிக்கவில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் குரல் அப்படி ஒத்துப்போகும். அப்பாவே பலதடவை போனில் மகளிடம் திட்டு வாங்குவதாக நினைத்து மனைவியிடம் வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து மகள் குளிக்கும் நேரத்தில் அந்த வீட்டில் அம்மாதான் நர்ஸ்.

"நாள் கூலின்னு திட்டுற, நீயே ஒத்துக்கிட்டும் வர்றியே" என்று அப்பா சீண்டினால், "திட்டுறது வேற, விட்டுக் குடுக்கிறது வேற" என்பாள்.

ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் ஆள் குறைகிறதோ அந்த வார்டுக்கு அவள். இன்றைக்குக் குழந்தைகள் வார்டு என்றால் நாளைக்குக் கண் வார்டு. பேனா, கத்தரிக்கோல், பிளாஸ்திரி, வார்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, புதுப் பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைபோல் போய் நிற்பாள். ஒரு வார்டில் பஞ்சு ஜன்னலோர அலமாரியில் இருக்கும். இன்னொன்றில் கைகழுவும் தொட்டிக்குக் கீழே. மூன்றாவதில் இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். "சிஸ்டர், பஞ்சு எங்க இருக்கு?" என்பதுதான் தினமும் காலையில் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. நிரந்தர நர்ஸுகள் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. நாளைக்கு வேறொருத்தி வரப் போகிறாள், கேட்டு என்ன செய்வது? "இன்னைக்கு சிஸ்டர்" என்பார்கள். "இன்னைக்கு சிஸ்டரைப் போய் டிரிப் மாத்தச் சொல்லு."

அதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. ஒருநாள் குழந்தைகள் வார்டில், காய்ச்சலில் அனலாகக் கொதித்த ஒரு பையனுக்குச் சாயங்காலம்வரை ஈரத்துணி வைத்து உடம்பைத் துடைத்தாள். கிளம்பும்போது அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தான். மறுநாள் அவளுக்குக் கண் வார்டு. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தக் கட்டிலில் வேறு குழந்தை. "நேத்து இங்க இருந்த பையன்?" என்று கேட்டாள். "எந்தப் பையன்? வீட்டுக்குப் போயிருப்பான்" என்றார்கள். நல்லபடியாகத்தான் போயிருப்பான். ஆனால் அதைப் பார்க்கிற பாக்கியம் இன்னொருத்திக்கு. எந்த நோயாளியிடமும் அவள் இரண்டாம் நாள் இருந்ததே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் எலும்பு வார்டில் போட்டார்கள். அங்கே ஒரு லாரி டிரைவர். தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். எழுந்து நின்றாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும். மனிதரோ கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "செத்தாலும் நிக்க மாட்டேன்" என்று கிடந்தார். பிசியோதெரபி செய்ய வந்த பையன் கெஞ்சிப் பார்த்துவிட்டு வாக்கரைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, ஒரு சந்தேகம். எங்கப்பா டாக்ஸி ஓட்டுறாரு. லாரி ஓட்டுறதெல்லாம் பெரிய விஷயமே இல்லங்குறாரு. நிஜமா?"

"யாரு சொன்னது?" டிரைவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "லோடு வண்டியைச் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு உங்கப்பாவை. பாப்போம்."

"எப்படி எடுப்பீங்க?"

"அவசரமே கூடாது. பின்னாடி ஒருத்தன் நின்னு சத்தம் குடுப்பான். அவன் 'வரலாம்'னா வரணும். 'ஹோல்டு'ன்னா நிக்கணும். நம்ம கண்ணை நம்பக் கூடாது, அவன் வாயை நம்பணும்."

"அப்ப இன்னைக்கு நான்தான் அந்த ஆளு" என்று வாக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "வண்டியை எடுங்க."

பக்கத்துக் கட்டிலில், கணுக்காலில் மாவுக்கட்டுடன் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். டிரைவருக்கு இனி பின்வாங்க முடியாது, தொழில் மானம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல வாக்கர்... வரலாம், வரலாம். இப்ப அடிபட்ட காலு... ரைட்ல ஒடிங்க. நல்ல காலு... வரலாம், வரலாம்... ஹோல்டு! ஹோல்டுண்ணே!"

கட்டிலிலிருந்து நாற்காலி வரைதான். உட்கார்ந்தபோது மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா சத்தம் குடுக்குற. என் கிளீனரே இப்படிக் குடுக்க மாட்டான். நாளைக்குக் கதவு வரைக்கும் எடுத்துருவோம். நீ வருவேல்ல?"

"கூப்பிட்டா வருவேண்ணே" என்றாள்.

"அதான் கூப்பிடுறேனே!"

"நீங்க கூப்பிட்டா ஆகாதுண்ணே."

மறுநாள் கூப்பிட்டார்கள், கண் வார்டுக்கு. சாப்பாட்டு நேரத்தில் எலும்பு வார்டில் எட்டிப் பார்த்தாள். டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வார்டில் இருந்த மூத்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "வாம்மா. என்ன பழக்கிவச்சிட்டுப் போன? யார் போனாலும் 'அந்த ஹோல்டு பொண்ணு வரட்டும்'ங்குறாரு. நான் போய் ஹோல்டுன்னா, 'உங்களுக்கு ரிவர்ஸ் தெரியாது'ங்குறாரு. நான் இருவத்தஞ்சு வருஷம் சர்வீஸ்!"

சாயங்காலம் கிளார்க்கிடம் போய் நின்றாள். "சார், என்னை நாளைக்கு எலும்பு வார்டுல போட முடியுமா?"

"நீ கேக்குற இடமெல்லாம் கிடையாதும்மா. ஆள் இல்லாத இடம்தான்" என்றார் அவர் நிமிராமலே.

வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தாள். "அந்த அண்ணன் நிக்கிறதுக்கே எவ்வளவு பயந்தாரு தெரியுமா? இன்னும் நாலு நாள் இப்படியே படுத்தா காலு அவ்வளவுதான். 'எலும்பு வார்டுன்னா வர்றேன், இல்லேன்னா வரலை'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சும்மா. சொன்னா மறுநாள்லேர்ந்து போனே வராது. முழுங்கிட்டேன்."

அம்மா வெங்காயத்தை வழக்கத்தைவிட வேகமாக நறுக்கினாள்.

அடுத்த நாள் காலை அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வழக்கம்போல் "வர்றேன் சார்" என்று ஒரு சத்தம் வரும், முடிந்துவிடும். இன்று அம்மாவின் குரல் நீண்டுகொண்டே போனது. என்ன என்று காது கொடுத்தால் தண்ணீர்ச் சத்தம். அவசரமாக வெளியே வந்தாள்.

"எலும்பு வார்டுதான். சீக்கிரம் கிளம்பு" என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். அப்பா அண்ணாந்து கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நிஜமாவா? கிளார்க்கே சொன்னாரா?"

"ஆமா ஆமா. தலையைத் துவட்டு முதல்ல."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாதான் கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "பாப்பா, உள்ள யாராவது ஏதாவது கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு" என்றார்.

"என்ன கேட்டா?"

"எது கேட்டாலும்" என்று சொல்லிவிட்டு, பின்னால் சவாரி காத்திருப்பதுபோல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார்.

உள்ளே போனால், கிளார்க் எழுந்து நின்றார். அவர் எழுந்து அவள் பார்த்ததே இல்லை.

"வாங்கம்மா. நானும் எத்தனையோ வருஷமா இந்த போனைப் பண்ணிக்கிட்டிருக்கேன். 'உங்க வீட்டு ஆளு கால் உடைஞ்சு படுத்திருந்தா, தினம் ஒரு புது ஆளை அனுப்பினா ஒத்துக்குவீங்களா'ன்னு என்னை யாரும் கேட்டதில்ல."

அது அம்மாவின் வாக்கியம். பள்ளிக்கூடத்தில் கட்டணம் கட்டாமல் சாக்குச் சொல்லும் அப்பாக்களிடம் பேசும் அதே தோரணை.

"அதுக்கு மேல, 'எலும்பு வார்டுன்னா வர்றேன். வேற வார்டுன்னா வேற ஆளைப் பாருங்க'ன்னு சொல்லிட்டு, போனையும் நீயே வச்சிட்ட. போ. மேட்ரன் கூப்பிடுறாங்க."

மாடிப்படி ஏறுவதற்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். போனில் பேசியது அம்மா என்று சொன்னால், இத்தனை நாளும் ஆள்மாறாட்டம் என்று வெளியே தள்ளிவிடுவார்கள். தான்தான் என்று சொன்னால் திமிர் பிடித்தவள் என்று தள்ளிவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் வாசல்தான்.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காலையில போன்ல என்ன சொன்னே? கிளார்க் கொஞ்சம் கூட்டிக் கொறைச்சுச் சொல்ற ஆளு. நீயே சொல்லு, கேப்போம்."

"அப்படியேவா மேடம்?"

"உன் வார்த்தையில சொல்லு."

அவள் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள். "மேடம், பேசின விதம் தப்பு. பேசின விஷயம் தப்பில்ல." சொன்ன பிறகு, இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். வாய் திறந்தாகிவிட்டது, மிச்சம் தானாக வந்தது. "எனக்கு நாள் சம்பளம் குடுங்க, பரவாயில்ல. நிரந்தரம் எப்ப வருதோ அப்ப வரட்டும். ஆனா நோயாளி நாள் கணக்குல வரலையே மேடம். நிக்க வச்சவதானே நடக்கவும் வைக்கணும்? நான் தினமும் ஒரு வார்டுல பஞ்சு எங்கன்னு தேடுறதுக்குள்ளயே பாதிக் காலை போயிடுது. அந்த டிரைவர் அண்ணன் என் சத்தத்தை நம்பித்தான் காலைத் தரையில வச்சாரு. அந்த ஒரு மனுஷர் நடக்குறதையாவது நான் பாக்கணும்."

மேட்ரன் போனை எடுத்து எலும்பு வார்டு இன்சார்ஜைக் கூப்பிட்டார். "இந்த நாள் சம்பளப் பொண்ணு, ஹோல்டு சொல்றவளாமே. உங்களுக்கு வேணுமா?"

அந்தப் பக்கக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "இன்னும் அனுப்பலையா? இந்த மனுஷர் காலையில டீகூடக் குடிக்காம சத்தியாகிரகம் பண்ணிக்கிட்டிருக்காரு மேடம்!"

மேட்ரன் போனை வைத்தார். "சரி, கேட்டுக்க. இனிமே எலும்பு வார்டு மட்டும்தான். மத்த வார்டுக்குக் கூப்பிட மாட்டோம். அங்க ஆள் நிறைஞ்சிருந்தா உனக்கு நாள் உண்டு. கட்டில் காலியானா வீட்டுலதான் இருக்கணும். நீ நல்லா வேலை செஞ்சு எல்லாரையும் சீக்கிரம் நடக்க வச்சு அனுப்பினா, உனக்குத்தான் நஷ்டம். யோசிச்சுக்க."

வீட்டில் அம்மா என்ன சொல்வாள் என்று ஒரு நொடி மனம் போனது. இதற்கெல்லாம் காரணமே அம்மாதான் என்று உடனே திரும்பியும் வந்தது. "சரி மேடம்" என்றாள்.

கதவைத் திறக்கும்போது மேட்ரன், "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"ஸ்கூல் ஆபீஸ்ல இருக்காங்க மேடம்."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போன்ல பேசுறப்ப கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு. கிளார்க்குக்கு பி.பி. இருக்கு."

படிகளில் இறங்கினாளா, பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

எலும்பு வார்டில் டிரைவர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாங்க. நேத்து எங்க போனீங்களாம்?"

"கண் வார்டுண்ணே."

"இங்க ஒருத்தனுக்குக் காலே போயிக்கிட்டிருக்கு, அங்க கண்ணு பாக்கப் போயிட்டியா? இனி நான் எந்திரிக்கிறதா இல்ல."

"சரி, படுங்க. எங்கப்பா கேட்டாரு, லாரிக்காரர் கதவு வரைக்கும் எடுத்தாரான்னு. இல்லப்பா, ஒருநாள் நிறுத்தினதுல பேட்டரி இறங்கிப்போச்சுன்னு சொல்லிடுறேன்."

வாத்தியார் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். டிரைவர் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, "வாக்கரைக் கொண்டா" என்றார்.

அவள் முன்னால் நின்று பின்பக்கமாக நடந்தாள். "வரலாம், வரலாம்... லெஃப்ட்ல கட்டில் காலு இருக்கு, பாத்து... வரலாம்..." நாற்காலியைத் தாண்டினார். ஹோல்டு சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி வரலாம் சொன்னாள். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் சிஸ்டர் மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாத்தியார், "இண்டிகேட்டர் போடுங்க டிரைவர், திரும்பப் போறீங்க" என்று குரல் கொடுத்தார். கதவு வந்தது. கதவுக்கு அப்பால் நீளமான வராந்தா. அங்கே ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இது வரைக்கும்தானே பேச்சு?" என்றாள்.

"ரோடு காலியா இருக்கு. இன்னும் கொஞ்சம் போவோம்" என்றார் அவர்.

ஜன்னலுக்குப் போய்த் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்தார். தொடையை மெல்லத் தடவிக்கொடுத்தார். "டீ இருந்தா குடு" என்றார்.

அவள் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வாத்தியார் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார். "சிஸ்டர், என்னையும் எழுப்பச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார். எனக்கு ரிவர்ஸ் எல்லாம் தெரியாது. நாளைக்கு... நீங்க இருப்பீங்களா?"

"நாளைக்குக் காலையில முதல் ஆள் நீங்கதான் சார்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை மாதத்தில் ஒரு நோயாளியிடமும் அவள் நாளைக்கு என்று சொன்னதில்லை. வாயில் அது புதுச் செருப்புபோல் இருந்தது. கடிக்கவும் செய்தது, நடக்கவும் நன்றாக இருந்தது.

"அதெப்படி?" டிரைவர் டம்ளரை இறக்கினார். "முதல்ல நான். எனக்கு அப்புறம்தான் வாத்தியார்."

"நான் சீனியர்" என்றார் வாத்தியார். "உங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி விழுந்தவன்."

"விழுந்ததுல என்னய்யா சீனியர்?"

"ரெண்டு பேரும் சண்டை போட்டா பிசியோ தம்பியைக் கூப்பிட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, அவள் யாரையும் கேட்காமல் நேராகப் போய் ஜன்னலோர அலமாரியிலிருந்து பஞ்சை எடுத்தாள்.